ஒலிப்பாதையில் கம்ப்ரஸர் எங்கே நிற்க வேண்டும்?

தந்தியை மீட்டிய கணத்தில்தான் அதன் நாதம் உச்சத்தில் இருக்கிறது. அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடுகிறது. பாடகரும் குழல் வாசிப்பவரும் மூச்சு உள்ளவரை ஒரு ஸ்வரத்தைத் தாங்கி நிறுத்தலாம். மீட்டி வாசிக்கும் கருவிகளுக்கு அந்த வசதி இல்லை. வீணைக் கலைஞர் ஒருமுறை மீட்டிவிட்டு, அதே மீட்டிலேயே தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்கும்போது, ராகத்தை ராகமாக்கும் அசைவுகளில் பெரும்பாலானவை நாதம் தேய்ந்துகொண்டிருக்கும் பின்பகுதியில்தான் விழுகின்றன. எதிரே அமர்ந்து கேட்பவருக்கு இது குறையாகப் படாது. பெரிய அரங்கில், மிருதங்கத்துக்கும் மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் நடுவே, மீட்டின் அடி மட்டும் கேட்டுக் கமகம் கரைந்துபோகிறது. கமகம் கேட்கட்டும் என்று மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டினால், அடுத்த மீட்டு காதில் அறைகிறது.

கிதார், பேஸ் கிதார், மேண்டலின் என எல்லா மீட்டுக் கருவிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. சாதாரண மேண்டலினில் கார்வை, அதாவது ஸ்வரம் நீண்டு ஒலிப்பது, நிற்பதே இல்லை; யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மேண்டலினை என்பது தற்செயலல்ல. கருவியை மாற்றாமல், கருவியிலிருந்து வெளிவரும் மின்குறிப்பை மட்டும் மாற்றி இச்சிக்கலைத் தணிக்கும் சாதனம்தான் கம்ப்ரஸர். சத்தத்தைக் கூட்டும் பெட்டி என்று பலர் இதை நினைத்திருக்கிறார்கள். உள்ளபடி அது செய்வது குறைக்கிற வேலைதான். கூட்டுவது அதற்குப் பிறகு வரும் இன்னொரு படி. இந்த வரிசையை மனதில் இருத்திக்கொள்ளாததால்தான் மேடையிலும் பதிவறையிலும் பாதிக் குழப்பங்கள் நேர்கின்றன.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும். சாதனம் தாங்கும் உச்ச மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அதற்குக் கீழே எண்ணினால், மீட்டிய கணத்தில் ஒலி மட்டம் மைனஸ் 8 டெசிபல் என்றும், சற்று நேரத்தில் அது மைனஸ் 26-க்குத் தேய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே 18 டெசிபல் இடைவெளி இருக்கிறது. கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் எனப்படும் வாசல் மட்டத்தை மைனஸ் 20-இல் வைத்து, ரேஷியோவை நான்குக்கு ஒன்று என அமைத்தால், வாசலை மீறிய 12 டெசிபலில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 3 டெசிபல் மட்டுமே மேலே செல்ல அனுமதிக்கப்படும். மீட்டு மைனஸ் 17-இல் வெளியே வருகிறது. வாசலுக்குக் கீழே இருக்கும் தேய்ந்த நாதம் தொடப்படாமல் மைனஸ் 26-இலேயே இருக்கிறது. இடைவெளி 9 டெசிபலாகச் சுருங்கிவிட்டது. இப்போது மேக்கப் கெயின் என்ற குமிழைத் திருகி எல்லாவற்றையும் 9 டெசிபல் உயர்த்தினால், மீட்டு பழைய மைனஸ் 8-க்கே திரும்புகிறது. தேய்ந்த நாதமோ மைனஸ் 17-க்கு ஏறிவிடுகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், கமகம் முன்னைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு தெளிவாகக் கேட்கும்.

ஆனால் அந்த 9 டெசிபல் கமகத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்பின் உறுமல், முன்பெருக்கியின் சீறல், விரல் தந்தியில் உரசும் ஓசை, பக்கத்தில் இருக்கும் மிருதங்கம் இந்த மைக்கில் கசிந்து விழும் ஒலி ஆகிய அனைத்தும் அதே 9 டெசிபல் ஏறுகின்றன. தன்னிடம் வந்து சேர்வது வீணையா இரைச்சலா என்று கம்ப்ரஸருக்குத் தெரியாது. மட்டம் எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே அதற்கு முன்னால் என்ன நிற்கிறது, பின்னால் என்ன நிற்கிறது என்பது, எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினோம் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிறது.

இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். த்ரெஷோல்டும் ரேஷியோவும் எவ்வளவு குறைப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன; அட்டாக், ரிலீஸ் என்ற இரு குமிழ்களும் எவ்வளவு வேகத்தில் குறைப்பது, எவ்வளவு வேகத்தில் விடுவிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. அட்டாக் என்பது கம்ப்ரஸர் சும்மா காத்திருக்கும் நேரம் என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. ஒலி வாசலைத் தாண்டியதுமே குறைப்பு தொடங்கிவிடுகிறது; அது தன் முழு அளவை ஏறக்குறைய எட்டுவதற்கு ஆகும் நேரம்தான் அட்டாக். அதை 30 மில்லிவினாடிக்கு வைத்தால், மீட்டின் முதல் அடி பெரும்பாலும் தப்பி வெளியே போய்விடும், அதற்குப் பின்வரும் உடல் மட்டும் அமுங்கும். விளைவாக, ஏற்றத்தாழ்வைக் குறைக்க வைத்த சாதனம் மீட்டின் அடியை இன்னும் கூர்மையாக்கிக் காட்டும். பேஸ் கிதார் கலைஞர்களும் டிரம்ஸ் ஒலியமைப்பாளர்களும் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. மாறாக 1 மில்லிவினாடிக்கு வைத்தால் அடி மழுங்கி, நாதம் உருண்டையாகிவிடும். வீணைக்கு இந்த இரண்டுமே பெரும்பாலும் பொருந்துவதில்லை. இடையில் எங்கோ ஒரு புள்ளியைக் காதால்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கார்வையின் சாவி ரிலீஸில் இருக்கிறது. மேலே சொன்ன அமைப்பில், நாதம் மைனஸ் 8-இலிருந்து மைனஸ் 20 வரை தேயும் 12 டெசிபல் பயணம், கம்ப்ரஸரைத் தாண்டி வரும்போது வெறும் 3 டெசிபல் தேய்வாகிவிடுகிறது. 'சஸ்டெய்ன்' கூடியதாகக் கிதார் கலைஞர்கள் சொல்வது இதைத்தான். தந்தி கூடுதல் நேரம் அதிரவில்லை, தேய்வின் சரிவு மட்டும் தணிந்திருக்கிறது. ஆனால் இது நடக்க வேண்டுமென்றால், நாதம் தேயும் அதே வேகத்தில் கம்ப்ரஸரும் தன் பிடியைத் தளர்த்தியாக வேண்டும். ரிலீஸை இரண்டு வினாடிக்கு இழுத்து வைத்துவிட்டால், முதல் மீட்டுக்காக அழுத்திய கை, கமகம் முழுவதும் முடியும்வரை அழுத்தியபடியே இருக்கும். கமகத்தைக் காப்பாற்ற வைத்த சாதனமே அதை இன்னும் ஆழத்தில் புதைத்துவிடும்.

அப்படியானால் ரிலீஸை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. நான்கு தந்தி பேஸ் கிதாரின் கீழ்த் தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஒரு முழு அதிர்வுக்கு 24 மில்லிவினாடி ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறுகியதாக இருந்தால், கம்ப்ரஸர் இசையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அலையின் முகட்டையும் பள்ளத்தையும் பின்தொடரத் தொடங்கும். அலையின் வடிவமே மாறும். அதைத்தான் காது கரகரப்பு என்று உணர்கிறது. காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டியான கம்ப்ரஸர் பெடல் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் முதலில் இந்தக் குமிழைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்தக் கால நடத்தையில்தான் பழைய புகழ்பெற்ற பெட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. கம்ப்ரஸரும், அதன் கடுமையான வகையான லிமிட்டரும் இசைக்கென்று பிறந்தவை அல்ல. அறிவிப்பாளரின் திடீர்க் குரலோ வாத்தியக் குழுவின் முழக்கமோ ஒலிபரப்பியைத் திணறடிக்காமல் தடுக்க 1930களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பயன்படுத்தத் தொடங்கிய கருவிகளின் வாரிசுகள் அவை. 1960களில் ஜேம்ஸ் லாரன்ஸ் வடிவமைத்த டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ-2ஏ கருவியில், ஒலி மட்டத்துக்கேற்ப ஒரு சிறு பலகை ஒளிர, அந்த ஒளியைப் பார்த்து ஓர் ஒளியுணர் மின்தடை ஒலியைக் குறைக்கிறது. அணைந்த விளக்கின் தாக்கத்திலிருந்து அந்த மின்தடை மீள்வது இரண்டு கட்டமாக நடக்கிறது: பாதி தூரம் சுமார் 60 மில்லிவினாடியில், மீதி அரை வினாடியிலிருந்து ஐந்து வினாடி வரை. குரலுக்கு இது இதமாக இருப்பதன் காரணம் இந்தச் சோம்பல்தான். பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்த 1176 இதற்கு நேர் எதிர். டிரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்த அதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோவினாடி வரை, அதாவது மிக மெதுவான நிலையில்கூட ஒரு மில்லிவினாடிக்குள். (அதன் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருகத் திருக வேகம் கூடும், மற்ற பல கருவிகளில் நேரம் கூடும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது.) இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, 1176 முகடுகளை மட்டும் தட்டிவிட, எல்.ஏ-2ஏ பொதுவான மட்டத்தை நிதானமாகச் சமன் செய்யும்படி குரல் பதிவில் அமைப்பது நெடுநாள் வழக்கம். ஒரே கருவியிடம் இரண்டு வேலையையும் கேட்பதைவிட இது நல்ல வழி.

இனி இடம். கிதார் கலைஞரின் காலடியில் இருக்கும் பெடல் வரிசையை எடுத்துக்கொள்வோம். பொதுவாகச் சுருதி பார்க்கும் ட்யூனருக்கு அடுத்து, ஓவர்டிரைவுக்கு முன்னால் கம்ப்ரஸர் நிற்கிறது. ஓவர்டிரைவ் என்பதே அலைகளின் தலையை வெட்டுகிற கருவி. அதுவே ஒருவகையில் ஒலியை அமுக்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் கம்ப்ரஸரை வைத்தால், அமுக்குவதற்கு ஏற்ற இறக்கம் அதிகம் மிச்சமிருக்காது. ஓவர்டிரைவ் பெருக்கிய சீறலை இன்னும் பெருக்குவதே அதன் முதன்மை வேலையாகிவிடும். முன்னால் வைத்தால், கையின் அழுத்தம் எப்படி மாறினாலும் ஓவர்டிரைவுக்கு ஏறத்தாழ ஒரே மட்டம் போய்ச் சேரும், கரகரப்பும் சீராக இருக்கும். ஆனால் மெதுவாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்க வேண்டும் என்று ஓவர்டிரைவை அமைத்து வைத்திருப்பவர், அந்த வேறுபாட்டையே கம்ப்ரஸரிடம் பறிகொடுப்பார். அவருக்கு நான் சொல்லக்கூடியது, அந்தப் பாட்டுக்குக் கம்ப்ரஸரை அணைத்து வையுங்கள் என்பதுதான்.

எதிரொலி தரும் டிலேயும் அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்பும் கம்ப்ரஸருக்குப் பின்னால் இருப்பதே நல்லது. முன்னால் இருந்தால், எதிரொலி ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெல்ல வர வேண்டும் என்ற ஒழுங்கைக் கம்ப்ரஸர் குலைத்துவிடும். மீட்டும்போது ரிவெர்ப் தாழ்ந்து, நிறுத்தியதும் பொங்கி எழும். மீட்டின் அழுத்தத்தைக் கவனித்து வாய் திறக்கும் ஆட்டோ-வா வகைப் பெடல்களுக்கு அந்த அழுத்த வேறுபாடே உணவு என்பதால், அவற்றைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைக்க வேண்டும். கடுமையான கரகரப்பைத் தரும் பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல்கள் பிக்கப்போடு நேரடியாக இணைக்கப்படும்போதே இயல்பாக ஒலிக்கின்றன. அவற்றுக்கும் முதலிடம் தரலாம். ஒரு மட்டத்துக்குக் கீழே உள்ள ஒலியைக் கதவடைத்து நிறுத்தும் நாய்ஸ் கேட் வைப்பதாக இருந்தால் அதுவும் முன்னால்தான். இரைச்சலுக்கும் இசைக்கும் இடையிலான இடைவெளியைக் கம்ப்ரஸர் சுருக்கிய பிறகு, எந்த மட்டத்தில் கதவை மூடுவது என்று கேட்டால் கண்டுபிடிக்க முடியாது.

வால்யூம் பெடல் தனியாகச் சொல்லத்தக்கது. அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைத்துவிட்டு, தணிக்கத் தணிக்கச் சத்தம் குறையவில்லையே என்று புகார் சொல்பவர்களைப் பார்க்கலாம். குறையாதுதான். நான்குக்கு ஒன்று ரேஷியோவில், வாசலுக்கு மேலே இருக்கும்வரை காலால் 8 டெசிபல் குறைத்தால் வெளியே 2 டெசிபல்தான் குறையும். காலும் கம்ப்ரஸரும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அது கம்ப்ரஸருக்குப் பின்னால் வர வேண்டும்.

தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் இடம் பேஸ் கிதாரில் முக்கியமாகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில்தான் ஆற்றல் அதிகம் என்பதால் கம்ப்ரஸரின் கவனத்தை அவையே ஈர்க்கின்றன; கீழ்த் தந்தியை அடிக்கும் ஒவ்வொரு முறையும் மேல் தந்திகளின் தெளிவும் சேர்ந்து அமுங்கும். ஈக்வலைசரில் கீழ்ப்பகுதியைக் கூட்டிவிட்டுக் கம்ப்ரஸருக்கு அனுப்பினால் இது இன்னும் மோசமாகும். கம்ப்ரஸருக்குப் பிறகு கூட்டலாம். அல்லது, கம்ப்ரஸர் மட்டத்தை அளந்து பார்க்கும் பாதையில் மட்டும் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

இதுவரை சொன்னது கலைஞரின் கைக்கு எட்டும் பகுதி. அவரிடமிருந்து கம்பி வழியே மிக்ஸருக்குப் போன பிறகு இன்னொருவர் ஆட்சி தொடங்குகிறது. அங்கேயும் ஒரு கம்ப்ரஸர் இருக்கும். இரண்டு கம்ப்ரஸர்கள் தொடராக வேலை செய்யும்போது ரேஷியோக்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. கலைஞரின் பெடலில் மூன்றுக்கு ஒன்று, மிக்ஸரில் மூன்றுக்கு ஒன்று என்றால், இரண்டு வாசல்களுக்கும் மேலே இருக்கும் ஒலிக்கு மொத்தத்தில் ஒன்பதுக்கு ஒன்று. இருவரும் தாம் மிதமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று உண்மையாகவே நம்புவார்கள். கேட்பவருக்கு மட்டும் இசையின் மூச்சு நின்றுவிடும். ஒலிச்சோதனையின்போது கலைஞர் தன் பெடலை அணைத்தும் இயக்கியும் ஒருமுறை காட்டிவிட்டால் இதைத் தவிர்க்கலாம். நடைமுறையில் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

திறந்த மைக்குகள் பல இருக்கும் கச்சேரி மேடையில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கில் விழுந்து ஊளையிடத் தொடங்குவது, அமைதியான தருணங்களில் அந்த மைக்கின் மொத்தப் பெருக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பாடகர் பாடும்போது கம்ப்ரஸர் 6 டெசிபல் அமுக்குகிறது, அதை ஈடுசெய்ய மேக்கப் கெயின் 6 டெசிபல் வைக்கப்பட்டிருக்கிறது என்றால், அவர் பாட்டை நிறுத்தும் கணத்தில் மைக் முன்னைவிட 6 டெசிபல் கூடுதல் கூர்மையோடு காது கொடுத்துக்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போதோ பாடகர் தண்ணீர் குடிக்கும்போதோ திடீரென ஊளை எழுவதற்கு இது ஒரு காரணம். கலைஞரை நோக்கி வைக்கப்பட்ட மானிட்டர் ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், அந்தப் பாதையில் கம்ப்ரஸரைத் தவிர்க்கும் ஒலியமைப்பாளர்கள் உண்டு. தவிர, மேல் ஸ்தாயியில் மைக்கிலிருந்து விலகியும் மந்தர ஸ்தாயியில் நெருங்கியும் பாடப் பழகிய பாடகர் தானே ஒரு கம்ப்ரஸர். அவருடைய திறமைக்கு மேல் இன்னொன்றைச் சுமத்தத் தேவையில்லை.

லிமிட்டரின் இயல்பு கம்ப்ரஸரிலிருந்து அடிப்படையில் வேறல்ல. ரேஷியோ பத்துக்கு ஒன்றையோ இருபதுக்கு ஒன்றையோ எட்டி, அட்டாக் மிக வேகமாகிவிட்டால் அதை லிமிட்டர் என்கிறோம். நோக்கம்தான் வேறு. கம்ப்ரஸர் வாசிப்பைச் செதுக்குகிறது. லிமிட்டர் எதையோ காக்கிறது. எதைக் காக்கிறது என்பதே அதன் இடத்தையும் சொல்லிவிடுகிறது: காக்கப்பட வேண்டிய பொருளுக்குச் சற்று முன்னால், மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால். அதற்குப் பிறகு ஒரு ஈக்வலைசரையோ கெயின் குமிழையோ வைத்தால் காவல் உடைந்துவிட்டது என்றே பொருள். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் லிமிட்டர், ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டாமல் தடுக்கிறது. தலை முழுவதும் வெட்டப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள வழுவழுப்பான அலையைவிட இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருள் அந்த வெப்பத்தில்தான் கருகுகிறது. காதுக்குள் பொருத்தும் இன்-இயர் மானிட்டருக்கு முன்னால் இருக்கும் லிமிட்டர் காப்பது செவியை. கேபிள் ஒன்று பிடுங்கப்படும்போது எழும் 'டப்' ஓசைக்கும் காதுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை என்பதால், இங்கே சிக்கனம் பார்ப்பது தவறு.

டிஜிட்டல் லிமிட்டர்கள் பல, ஒலியைச் சில மில்லிவினாடி தாமதப்படுத்தி வைத்துக்கொண்டு, வரப்போகும் முகட்டை முன்கூட்டியே பார்த்துவிடுகின்றன. பதிவு முடிந்த பாட்டுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. நேரடியாக வாசிப்பவருக்கோ ஒவ்வொரு மில்லிவினாடியும் ஸ்பீக்கரை 34 சென்டிமீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். மிக்ஸர், கம்பியில்லாக் கருவி, லிமிட்டர் என்று தாமதங்கள் சேர்ந்துகொண்டே போனால், தன் குரலையே காதில் கேட்டுப் பாடுபவருக்கு முதலில் குரலின் நிறம் மாறியதுபோலவும் பிறகு தாளம் வழுக்குவதுபோலவும் தோன்றும்.

பாட்டை வெளியிடும்போது கடைசியாக வைக்கப்படும் லிமிட்டரைப் பற்றி இரண்டு வரி போதும். சத்தமாக ஒலிக்கும் பாட்டே கவனிக்கப்படும் என்ற நம்பிக்கையில் குறுவட்டுக் காலத்தில் நடந்த போட்டி, ஒலி உரப்பை அளக்கும் முறையை 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்து, 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ் (அந்த உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்கை வைத்ததிலிருந்து பொருளிழந்து வருகிறது. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் அளவுக்குச் சமன் செய்கிறது. அதற்கு மேல் நசுக்கி அனுப்பப்பட்ட பாட்டின் சத்தம் அங்கே குறைக்கப்பட்டுவிடும், நசுங்கலின் தழும்பு மட்டும் நிற்கும்.

வீட்டில் அமர்ந்து குமிழ்களைப் பழக விரும்புபவருக்கு ஒரு முறை உண்டு. ரேஷியோவை உச்சத்துக்கும் த்ரெஷோல்டை மிகத் தாழ்வாகவும் வைத்து, ஒலி அசிங்கமாக நசுங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்த நிலையில் அட்டாக்கையும் ரிலீஸையும் திருகினால் அவை செய்வது அப்பட்டமாகக் கேட்கும். மீட்டின் அடியும் கமகத்தின் மீட்சியும் பிடித்த இடத்தில் நின்ற பிறகு, ரேஷியோவை மூன்றுக்கோ நான்குக்கோ இறக்கி, த்ரெஷோல்டை மெல்ல மேலே ஏற்றுங்கள். கடைசியாக மேக்கப் கெயினைத் தொடும்போது, கருவியை அணைத்தாலும் இயக்கினாலும் சத்தம் ஒன்றுபோல் இருக்கும்படி சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்ல ஒலி என்று தேர்ந்தெடுக்கும். சத்தத்தைச் சமன் செய்து கேட்கும்போது, அணைத்த நிலையே நன்றாக இருக்கிறது என்று தோன்றும் பாட்டுகளும் கணிசமாக வரும்.